ஸ்பீக்கர் வயர்: ஒன்றரை எம்.எம். போதுமா, கடைக்காரர் சொல்வதை வாங்க வேண்டுமா?

மேல்மாடி:

வணக்கம். எங்கள் கூடம் 16 அடி நீளமும் 11 அடி அகலமும் உள்ளது. அதில் ஒரு பக்கத்துக்கு 40 வாட் தரும் சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரையும், பின்புறம் 6 ஓம் என்று அச்சிட்ட இரண்டு சிறிய ஸ்பீக்கர்களையும் வைத்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபயர் டிவி மேசையின் இடது ஓரத்தில் இருப்பதால் இடது ஸ்பீக்கருக்கு 2 மீட்டர் வயர் போதும். வலது ஸ்பீக்கருக்கோ, வாசல் நிலையின் மேலாகச் சுற்றிச் சுவரோரமாகக் கொண்டுபோக வேண்டியிருப்பதால் 7 மீட்டர் ஆகிறது. ஸ்பீக்கர் பெட்டியுடன் வந்த மெல்லிய வயர் அவ்வளவு தூரம் எட்டவில்லை. ஆகவே பழைய டேபிள் ஃபேன் வயரை அதனுடன் முறுக்கி, டேப் சுற்றி ஒப்பேற்றியிருக்கிறேன்.

ஒலிக்கருவிகள் விற்கும் கடையில் விசாரித்தபோது, மீட்டர் 400 ரூபாய் விலையுள்ள கேபிளுக்குக் குறைந்த எதுவும் ஸ்பீக்கரைப் பாழாக்கிவிடும் என்றார்கள். எங்கள் வீட்டு எலக்ட்ரீஷியனோ, வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒன்றரை எம்.எம். வயரே தாராளம் என்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி? இரண்டு பக்கமும் வயர் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்பது உண்மையா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மிருதங்கத்தின் தொப்பிப் பக்க ஒலி (தாழ்ந்த நாதம் தரும் பக்கம்) முன்பு போலக் கனமாக விழுவதில்லை. வயரை மாற்றினால் அது சரியாகிவிடுமா?

ஓம்விதி:

உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னது சரிதான். ஆனால் யாரோ சொன்னார்கள் என்பதற்காக ஏற்க வேண்டாம், கணக்கைப் பாருங்கள்.

மின்னோட்டம் ஸ்பீக்கருக்குப் போய்த் திரும்பவும் வர வேண்டும் என்பதால், 7 மீட்டர் என்பது கணக்குக்கு 14 மீட்டர். ஒன்றரை எம்.எம். என்பது குறுக்குவெட்டுப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர் என்பதன் சுருக்கம்; அந்த அளவுச் செப்புப் புரி வயரின் (பல மெல்லிய கம்பிகள் சேர்ந்த வயர்) மின்தடை கிலோமீட்டருக்கு அதிகபட்சம் 13.3 ஓம். எனவே உங்கள் 14 மீட்டருக்கு 0.19 ஓம் வருகிறது. இரண்டரை எம்.எம். வயரென்றால் 0.11 ஓம். பெட்டியுடன் வந்த மெல்லிய வயர் அநேகமாக 0.5 எம்.எம். ஆக இருக்கும், அது நல்ல செம்பாகவே இருந்தாலும் 0.55 ஓம் ஆகிவிடும். வயரின் தடை ஸ்பீக்கர் மின்மறுப்பில் (பின்புறம் அச்சிட்ட ஓம் அளவில்) 20இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது இத்துறையில் நெடுநாளாகப் புழங்கும் ஒரு கைக்கணக்கு. 6 ஓமில் 20இல் ஒரு பங்கு 0.3 ஓம். ஒன்றரை எம்.எம். அதற்குள் அடங்குகிறது, மெல்லிய வயர் அடங்கவில்லை.

இந்தத் தடை காதுக்கு என்ன செய்யும் என்பதுதான் அடுத்த கேள்வி. 6 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும் ஸ்பீக்கரின் மின்மறுப்பு எல்லா ஸ்தாயியிலும் 6 ஆக இருப்பதில்லை; ஓரிடத்தில் 5 ஓமுக்கு இறங்கி, வேறோரிடத்தில் 25 ஓமுக்கு ஏறிவிடலாம். வயரின் தடை, இறங்கும் இடத்தில் ஒலியைச் சற்று அதிகமாகவும் ஏறும் இடத்தில் மிகக் குறைவாகவும் தின்கிறது. 0.55 ஓம் வயரில் இந்த ஏற்றத்தாழ்வு 0.7 டெசிபல் (ஒலியளவின் அலகு) வரை போகும்; கூர்ந்து கேட்பவருக்கு அது தெரியக்கூடும். ஒன்றரை எம்.எம். வயரில் 0.25 டெசிபலாகவும், இரண்டரையில் 0.15 டெசிபலாகவும் சுருங்கிவிடும். மீட்டர் 400 ரூபாய் கேபிளும் இதே கனத்துச் செம்பாக இருந்தால், இதே எண்களைத்தான் தரும்.

நீளம் சமமாக இருக்க வேண்டும் என்பதற்கும் இதே கணக்குதான். 2 மீட்டருக்கும் 7 மீட்டருக்கும் உள்ள தடை வேறுபாட்டால் வலதுபுறம் 0.2 டெசிபல் குறையும். பேலன்ஸ் குமிழை மயிரிழை திருப்பினால் அது தீர்ந்தது. நீள வயரில் ஒலி தாமதமாக வரும் என்று சிலர் அஞ்சுவதுண்டு. கூடுதலான 5 மீட்டரைக் கடக்க மின்சைகைக்கு ஏறத்தாழ 25 நானோ நொடி ஆகும். அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட நகராது. நீங்கள் நாற்காலியில் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தாலே அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேறுபாடு வந்துவிடும். இடதுபுறம் 7 மீட்டர் வாங்கி, மிச்சத்தைச் சுருட்டி மேசைக்கு அடியில் போட வேண்டியதில்லை.

தொப்பி ஒலி குறைந்ததைப் பற்றி மட்டும் எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. மெல்லிய வயரால் அவ்வளவு குறைவு வராது. அந்த ஃபேன் வயர் ஒட்டைப் பாருங்கள். பிளஸும் மைனஸும் மாறியிருக்கின்றனவா? மாறியிருந்தால் ஒரு ஸ்பீக்கர் காற்றை வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்து, தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

செவிச்செல்வம்:

கணக்கை நான் மறுக்கவில்லை. ஆயினும் என் வீட்டில் எட்டாண்டுப் பழைய வயரை எடுத்துவிட்டுச் சற்று விலையுயர்ந்த கேபிளைப் போட்டபோது, வயலினின் மேல்ஸ்தாயி தெளிந்ததை நானும் என் மனைவியும் தனித்தனியாகக் கவனித்தோம். அளவுக்கருவியில் தெரியாத எதுவும் காதிலும் தெரியாது என்று அடித்துச் சொல்லிவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

வடம்பிடி:

செவிச்செல்வம் ஐயா, நீங்கள் கேட்ட மாற்றத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் புதிய கேபிளைப் போட்ட அன்று, எட்டாண்டாகத் திருகாணிக்கடியில் கிடந்த பழைய முனைகளும் போய்விட்டன அல்லவா? நான் வயரிங் வேலை செய்பவன். கடலோர ஊரில் வசிக்கிறேன். ஒளிபுகும் உறை போட்ட பழைய ஸ்பீக்கர் வயரை இங்கே அவிழ்த்தால், முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குச் செம்பு பாசி படிந்ததுபோல் பச்சையாக இருக்கும். அதைத் திரும்பவும் முறுக்கிச் செருகினால் தொடுப்பு நிற்பதில்லை. வெட்டி வெட்டிப் பளிச்சென்ற செம்பு வரும்வரை போக வேண்டும். பழைய வயரின் முனைகளையே புதிதாக வெட்டிப் போட்டு ஒரு வாரம் கேட்டுவிட்டுப் பிறகு கேபிளை மாற்றியிருந்தால், எது எதைச் செய்தது என்று தெரிந்திருக்கும்.

மேல்மாடி அவர்களுக்கு வேலை செய்கிற முறையைச் சொல்கிறேன். 90 மீட்டர் சுருளிலிருந்து வெட்டித் தரும் கடையில் ஒன்றரை எம்.எம். சிவப்பும் கறுப்பும் தனித்தனியாக வாங்குங்கள். இதற்கு அந்தக் கேபிளைவிட மிகக் குறைவாகவே ஆகும். ஒரு முனையைக் கொஞ்சம் உரித்து எண்ணிப் பாருங்கள்: ஒன்றரையில் 0.3 மில்லிமீட்டர் புரி 22 இருக்க வேண்டும். புரி எண்ணிக்கையைக் குறைத்து ஒன்றரை என்று விற்பதும் நடக்கிறது. பிறகு ஒரு புரியைப் பிளேடால் சுரண்டுங்கள். வெளியே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதன் தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். வெளியே வெள்ளையாகவும் சுரண்டினால் செம்பாகவும் இருந்தால் அது வெள்ளீயம் பூசிய நல்ல வயர், பயமில்லை.

இரண்டு வயரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைத் துளையிடும் டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுழற்றினால் அழகாக முறுக்கேறி ஒரே வடமாகிவிடும். முனையில் 10 மில்லிமீட்டர் மட்டும் உரியுங்கள். ஒரு புரிகூட வெளியே நீட்டிப் பக்கத்து முனையைத் தொடக் கூடாது. தொட்டால் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் பகுதியே எரிந்துபோகலாம். திருகிப் பிடிக்கும் முனையானால் ஈயம் வைக்காதீர்கள், அழுத்தத்தில் ஈயம் நசுங்கி நாளடைவில் தளர்ந்துவிடும். ‘பின் லக்’ எனும் ஊசிபோன்ற உலோக முனையைப் போட்டு நசுக்குவதே நல்லது. உங்கள் ஆம்ப்ளிஃபயரில் அழுத்திச் செருகும் கிளிப் இருந்தால், இரண்டரை எம்.எம். அதற்குள் நுழையாமல் படுத்தலாம். அதனால்தான் ஒன்றரை என்கிறேன்.

மின்சார வயர் போகும் பைப்புக்குள் இதை நுழைக்க வேண்டாம். கழற்றி மாட்ட வசதி என்று டூ பின் பிளக்கும் போட வேண்டாம். ஒரு வீட்டில் விருந்துக்கு வந்தவர், ஏதோ விளக்கு வயர் என்று நினைத்து அப்படிப்பட்ட பிளக்கைச் சுவரில் செருகிவிட்டார். அன்றோடு அந்த ஸ்பீக்கரின் காயில் (உள்ளிருக்கும் கம்பிச்சுருள்) கருகிப்போனது.

பிளஸ், மைனஸ் சரிபார்க்க ஒரு பென்டார்ச் பேட்டரி போதும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனைகளைக் கழற்றி, பேட்டரியின் பிளஸைச் சிவப்புக்கும் மைனஸைக் கறுப்புக்கும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். பெரிய கூம்பு வெளிப்பக்கம் நகர வேண்டும். உள்ளே இழுத்தால் வழியில் எங்கோ மாறியிருக்கிறது என்று பொருள்.

மேல்மாடி:

நேற்று உட்கார்ந்து பார்த்தேன். வடம்பிடி ஐயா சொன்னபடி முதலில் பழைய வயரை வைத்துக்கொண்டே பேட்டரியைத் தொட்டேன். இடது கூம்பு வெளியே வந்தது, வலது கூம்பு உள்ளே போனது. ஃபேன் வயரின் இரண்டு இழைகளும் ஒரே பழுப்பு நிறமாக இருந்ததால் ஒட்டுப் போட்டபோது மாற்றி முறுக்கியிருக்கிறேன். அந்த ஒட்டை மட்டும் மாற்றியதுமே தொப்பி ஒலி திரும்ப வந்துவிட்டது. பாடகரின் குரலும் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து நின்றது.

அதன் பிறகே ஒன்றரை எம்.எம். வயரைப் போட்டேன். உண்மையைச் சொன்னால், அதனால் புதிதாக எதையும் என் காது கேட்கவில்லை. வலதுபுறம் சற்றுக் கூடியதுபோல் இருந்தது, அவ்வளவே. பெட்டியுடன் வந்த வயரைச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே வெள்ளைதான். சிவப்பும் கறுப்பும் தலைக்குப் பத்து மீட்டர் வாங்கியதில் ஆளுக்கு ஒரு மீட்டர் மிச்சம். ஸ்பீக்கரைத் துடைக்க முன்னால் இழுக்கும்போது முனை பிய்ந்துவிடாமலிருக்க, அதைப் பின்புறம் தளர்வாக விட்டிருக்கிறேன்.