62,000 கி.மீ.யிலேயே டைமிங் பெல்ட் போய்விட்டது: ஹெட்டை மட்டும் செய்தால் போதுமா?

1.6 லிட்டர் டீசல் கார், ஐந்து வருடப் பழசு. கையேட்டில் டைமிங் பெல்ட்டை (வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பல் பெல்ட்) 1,20,000 கி.மீ.யில் மாற்றச் சொல்லியிருக்கிறது. பாதித் தூரத்திலேயே, நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது எஞ்சின் பட்டென்று அணைந்துவிட்டது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. சில வாரங்களாகக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் லேசான கீச்சொலி.

கவரைக் கழற்றிப் பார்த்தோம். பெல்ட் அறுபடவில்லை, கிராங்க் கியர் (பெல்ட்டைச் சுழற்றும் கீழ்ப் பல்சக்கரம்) பக்கம் பற்கள் வழித்தெடுத்தது போல் போயிருக்கின்றன. டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) நன்றாகச் சுற்றுகிறது, ஆயில் கசிவும் இல்லை. ஆனால் அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்பைக் கையால் திருப்பினால் கரகரவென்று இறுகுகிறது. என் சந்தேகம் அதன்மேல்தான்.

புது பெல்ட் மாட்டிக் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பார்த்ததில் இரண்டு சிலிண்டரில் அழுத்தமே இல்லை. கேமரா விட்டுப் பார்த்தால் பிஸ்டன் தலையில் வால்வு இடித்த தடம், விரிசல் தெரியவில்லை.

சர்வீஸ் சென்டரில் முழு எஞ்சினையே மாற்றச் சொல்கிறார்கள். வாரண்டி முடிந்ததால் செலவில் பங்கும் கிடையாதாம். வெளி மெக்கானிக்கோ ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதி) இறக்கி வால்வு, வால்வு கைடு, பெல்ட் செட், வாட்டர் பம்ப் மாற்றினால் போதும் என்கிறார். செலவு மூன்றில் ஒரு பங்குதான்.

இப்படித் தடம் விழுந்த பிஸ்டனோடு ஹெட்டை மட்டும் சரிசெய்து ஓட்டியவர்களுக்கு, அப்புறம் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கனெக்டிங் ராடோ அதன் பேரிங்கோ தொந்தரவு கொடுத்ததா?