பாஞ்சோவின் நான்காம் தந்தியில் இரைச்சல்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில், புளூகிராஸ், ஓல்ட்-டைம் (இரண்டும் அமெரிக்க நாட்டுப்புற இசை வகைகள்), ஐரிஷ் மரபுகளைக் கலந்து வாசிக்கும் குழு ஒன்றில் நான் பாஞ்சோ (வட்டத் தோல் முகமும் நீண்ட கழுத்தும் கொண்ட தந்திக் கருவி) கலைஞன். ஐரிஷ் ரீல்களுக்கு (வேகமான நடன மெட்டிசைகளுக்கு) நான்கு தந்தி டெனர் பாஞ்சோ தனியாக இருப்பதால் அதில் சிக்கல் இல்லை. மற்ற இரண்டுக்கும் ஒரே ஐந்து தந்தி பாஞ்சோவைத்தான் சுருதி மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன், சிக்கல் அதில்தான்.

புளூகிராஸுக்கான ஜி-டி-ஜி-பி-டி (ஐந்தாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை) சுருதியில் ஒலி தெளிவாக இருக்கிறது. ஓல்ட்-டைம் பாடல்களுக்காக ஜி-சி-ஜி-சி-டி என மாற்றி, நான்காம் தந்தியை டி-யிலிருந்து சி-க்கு இறக்கியவுடன், அந்தத் தந்தி திறந்த நிலையிலும் முதல் இரண்டு மெட்டுகளிலும் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டைகள், fret) ஜிர்ரென்று இரைகிறது. ஐந்தாம் மெட்டுக்கு மேல் இரைச்சல் அறவே இல்லை. குளிர்காலத்தில் இப்படி இருந்ததில்லை. ஜூன் மாதத்தில் ஈரப்பதம் ஏறிய பிறகே தொடங்கியது.

கருவி 22 மெட்டுகளும் 11 அங்குல மைலார் (பிளாஸ்டிக்) தோலும் ரெசொனேட்டரும் (ஒலியை முன்னோக்கி அனுப்பும் பின்மூடி) கொண்டது. குதிரையின் (தோலின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை, bridge) உயரம் 5/8 அங்குலம். தோலை இறுக்கிப் பார்த்தேன், தந்திகள் அனைத்தையும் புதிதாக மாற்றினேன், நான்காம் தந்திக்கு 0.020-க்குப் பதில் 0.023 அங்குலத் தடிமனுள்ள தந்தியையும் போட்டேன். இரைச்சல் சற்றே குறைந்தது, நீங்கவில்லை. முதல் மெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) இட்டாலும் அது தொடர்வதால், நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் அமரும் கட்டை) பள்ளம் காரணமில்லை என்று கருதுகிறேன்.

ட்ரஸ் ராடைத் (கழுத்தின் வளைவைக் கட்டுப்படுத்தும் உட்கம்பி) தளர்த்திக் கழுத்துக்குச் சிறிது வளைவு தருவதா, 11/16 அங்குலக் குதிரைக்கு மாறுவதா, எதை முதலில் செய்ய வேண்டும்?