குரோத்தா, ஐ.டி.சி.டபிள்யூ.வா? ஓய்வுக்கு இரண்டாண்டு இருக்கையில் ஒரு விவாதம்

மலைக்கோட்டை:
எனக்கு 58 வயது. தனியார் பணியிலிருந்து ஓய்வு பெற இன்னும் இரண்டாண்டுகள் உள்ளன. 2019-இல் ஒரு பங்குச்சந்தை ஃபண்டில், லாபத்தை வெளியே தராமல் உள்ளேயே வளரவிடும் குரோத் ஆப்ஷனில், ஒரே தவணையாகப் போட்ட 16 லட்சம் ரூபாய் இன்று 40 லட்சமாக நிற்கிறது. ஓய்வுக்குப் பின் மாதம் 15,000 ரூபாய் வேண்டும் என்பதால், இப்போதே ஐ.டி.சி.டபிள்யூ.வுக்கு, அதாவது அவ்வப்போது பணத்தைப் பகிர்ந்து கொடுக்கும் பழைய டிவிடெண்ட் ஆப்ஷனுக்கு, மாற்றிவிடும்படி முகவர் சொல்கிறார். மாற்றலாமா?

பழைய தணிக்கையாளர்:
வேண்டாம் ஐயா. முதலீட்டாளரின் சொந்த முதலும் அதில் திரும்பி வரக்கூடும் என்பது தெரிய வேண்டும் என்றுதான் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2021 ஏப்ரலில் அந்தப் பெயரையே மாற்றியது. யூனிட்டுக்கு 2 ரூபாய் கொடுத்தால் யூனிட்டின் விலையான என்.ஏ.வி.யும் 2 ரூபாய் குறையும். நம் வீட்டு நெல்லை நமக்கே அளந்து கொடுப்பதுதான் இது. குரோத்திலேயே இருந்து, மாதாமாதம் தேவையான தொகைக்கு யூனிட் விற்றுத் தரும் எஸ்.டபிள்யூ.பி. போட்டால், 40 ரூபாய்க்கு வாங்கி இன்று 100 ரூபாயாகியிருக்கும் யூனிட்டில் மாதம் 150 விற்கும். 15,000 ரூபாயில் ஆதாயம் 9,000 மட்டுமே. இதே விலையில் ஆண்டுக்கு 1,08,000. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டின் நீண்டகால ஆதாயத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை. டிவிடெண்ட் என்றால் 1.8 லட்சமும் அப்படியே வருமானத்தில் சேரும்.

தாமிரபரணி:
கணக்கு சரி, ஆனால் பாதிதான். புதிய வரிமுறையில் 2025-26 முதல் ஆண்டு வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்கு வரித் தள்ளுபடி உண்டு. டிவிடெண்டுக்கு அது பொருந்தும், பங்கு ஃபண்டின் நீண்டகால ஆதாயத்துக்குப் பொருந்தாது. ஓய்வு பெற்றவர்களில் பெரும்பாலோர் அந்த வரம்புக்குள்தான் இருப்பார்கள். என்னை உறுத்துவது வேறொன்று. 2020 ஜனவரியில் 12,000-ஐத் தாண்டியிருந்த பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. அத்தகைய சரிவில் 100 ரூபாய் யூனிட் 62 ஆனால், அதே 15,000-க்கு 150-க்குப் பதில் 242 யூனிட் போய்விடும். என் தந்தையாரின் கணக்கில் இதைக் கண்ணால் பார்த்தேன். அவர் மாதாமாதம் அறிக்கையில் யூனிட் எண்ணிக்கையைத்தான் முதலில் படிப்பார். டிவிடெண்ட் ஆப்ஷனில் பகிரக்கூடிய உபரி இல்லாதபோது தொகை தானே குறையும், யூனிட் குறையாது.

பழைய தணிக்கையாளர்:
வரித் தள்ளுபடி பற்றிச் சொன்னது முறையான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொகை தானே குறையும் என்பதை நன்மையாகச் சொல்கிறீர்களே, அந்த மாதம் மளிகைக்கடைக்காரரிடம் உபரி இல்லை என்றா சொல்வது? எவ்வளவு, எப்போது என்பதை எஸ்.டபிள்யூ.பி.யில் நாம் முடிவு செய்கிறோம். அங்கே ஃபண்ட் நிறுவனம் முடிவு செய்கிறது. சரிவுக்கு மருந்து, இரண்டு மூன்று ஆண்டுச் செலவைப் பங்குக்கு வெளியே வைப்பது. அறுபது வயதானதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். காலாண்டுக்கு ஒருமுறை வட்டி வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆப்ஷன் மாற்றுவதே சட்டப்படி விற்பனை. 24 லட்சம் ஆதாயத்தில் 1.25 லட்சம் போக, மீதிக்கு 12.5 சதவீதம், செஸ் என்னும் கூடுதல் வரியைச் சேர்க்காமலே 2,84,375 ரூபாய், இதே ஆண்டில். முகவர் இதைச் சொன்னாரா?

தாமிரபரணி:
அந்தத் தொகையைப் பார்த்தபின், இவர் விஷயத்தில் நானும் மாற்றச் சொல்லமாட்டேன். புதிதாகப் பணம் போடுபவருக்கு என் வாதம் நிற்கும்.

மலைக்கோட்டை:
முகவர் சொல்லவில்லை. நேற்றிரவு அறிக்கைகளை எடுத்துப் பார்த்தபோது, மனைவியின் பெயரிலுள்ள கணக்கு ஐ.டி.சி.டபிள்யூ. மறுமுதலீட்டில் இருப்பது தெரிந்தது. ஒரு ரூபாயும் கைக்கு வராமல், ஒவ்வொரு முறையும் 10 சதவீதத்தை டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வரியாகப் பிடித்து, மிச்சத்துக்கு யூனிட் சேர்த்திருக்கிறார்கள். அதைக் குரோத்துக்கு மாற்றினாலும் விற்பனைதானே? கடைசியாகச் சேர்ந்த யூனிட்டுகளுக்கு ஓராண்டு ஆகவில்லை.

பழைய தணிக்கையாளர்:
விற்பனைதான். ஓராண்டு ஆகாதவற்றை இப்போது தொட்டால் ஆதாயத்துக்கு 20 சதவீதம். ஓராண்டு முடிந்த யூனிட்டுகளை மட்டும், ஆதாயம் 1.25 லட்சத்துக்குள் அடங்கும்படி, மார்ச் முடிவதற்குள் ஒரு பகுதியும் ஏப்ரலில் ஒரு பகுதியுமாக மாற்றுங்கள். டி.டி.எஸ். தொகை வருமான வரித்துறையின் 26ஏ.எஸ். அறிக்கையில் பதிவாகியிருக்கும், அவர் பெயரில் ரிட்டர்ன் போட்டுத் திரும்பக் கேளுங்கள்.