பெரியம்மாவின் பழைய பிளேயரில் கல்யாண வீடியோ ஓடவேண்டும்: டிவிடியாக மாற்றலாமா, பென் டிரைவே போதுமா?

கரிசல்மண்:

கோவில்பட்டி பக்கம் கிராமத்தில் என் பெரியம்மா இருக்கிறார். பேத்தி கல்யாணத்துக்கு அவரால் வரமுடியவில்லை, இடுப்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த நேரம். இப்போது வீடியோவையாவது பார்க்கவேண்டும் என்று தினமும் கேட்கிறார். வீட்டில் இருப்பது 21 அங்குலப் பழைய பெட்டி டிவி, மஞ்சள் சிவப்பு வெள்ளை வயர் குத்திய ஒரு டிவிடி பிளேயர். காலையில் பக்திப் பாட்டு டிஸ்கைப் போட்டு ஓடவிடுவார், அந்த பிளேயர் அவருக்கு அத்துப்படி.

ஸ்டுடியோவில் கொடுத்தது பென் டிரைவ். உள்ளே 3 மணி 10 நிமிட எம்பி4 ஒன்று, 1920×1080, 21 ஜிபி. கூடவே 12 நிமிட ஹைலைட்ஸ் தனியாக. முதலில் ஹைலைட்ஸை மட்டும் ஒரு பிளாங்க் டிவிடியில் எழுதிப் பார்த்தேன். பென் டிரைவ் மாதிரி வேண்டுமா, சிடி/டிவிடி பிளேயருக்கா என்று விண்டோஸ் கேட்டது, இரண்டாவதைக் கொடுத்தேன். பிளேயர் ரொம்ப நேரம் சுற்றிவிட்டு இந்த டிஸ்கைப் படிக்கமுடியாது என்று சொல்லிவிட்டது. மூன்று டிஸ்க் போனது. எங்கே தப்பு செய்கிறேன்? என் மச்சான், டிவிடி எல்லாம் முடிந்த கதை, விட்டுவிடுங்கள் என்கிறார்.

எடிட்டிங்மேசை:

தம்பி, உங்கள் மேல் தப்பில்லை. விண்டோஸ் கேட்கிற அந்தக் கேள்வி எத்தனையோ பேரைக் குழப்பியிருக்கிறது. "டிவிடி பிளேயருக்கு" என்று கொடுத்தால் டிஸ்கில் கோப்பு எழுதப்படும் முறைதான் மாறும், வீடியோ மாறாது. அதே எம்பி4 அப்படியே போய் டிஸ்கில் உட்காரும். பழைய பிளேயருக்குள் இருக்கும் சிப்புக்கு எம்பெக்-2 மாதிரி வீடியோவைச் சுருக்கும் பழைய முறைகள்தான் தெரியும், உங்கள் கோப்பு எச்.264 என்ற புது முறை. அதை விரித்துக் காட்ட அந்த சிப்பால் முடியாது.

உண்மையான டிவிடி வேண்டுமென்றால் வீடியோவை எம்பெக்-2 ஆக மாற்றவேண்டும். நம் ஊர் டிவிக்கான 'பால்' (PAL) முறைக்கு 720×576, வினாடிக்கு 25 படம். ஒலி 48,000 ஹெர்ட்ஸில் ஏசி-3 என்ற முறையில். பிறகு அதைப் படமும் ஒலியும் இருக்கும் விஓபி கோப்புகளாகவும், பிளேயருக்கு வழிகாட்டும் ஐஎஃப்ஓ கோப்புகளாகவும் கட்டி, வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) என்ற ஃபோல்டரில் வைத்து எழுதவேண்டும். இந்த ஃபோல்டர் டிஸ்கைத் திறந்தவுடனே நிற்கவேண்டும், "அக்கா கல்யாணம்" என்று வேறொரு ஃபோல்டருக்குள் ஒளிந்திருந்தால் பிளேயர் தேடிப் போகாது. இதையெல்லாம் கையால் செய்யவேண்டியதில்லை, டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளே மெனு வரைக்கும் செய்துகொடுக்கும்.

மலைக்கோட்டை:

மச்சான் சொல்வதுதான் சரி, கோபப்படாதீர்கள். 1920×1080 என்றால் 20,73,600 புள்ளி. 720×576 என்றால் 4,14,720. அதாவது சரியாக ஐந்தில் ஒரு பங்கு. லட்சக்கணக்கில் செலவழித்து எடுத்த கல்யாணத்தின் ஐந்தில் நான்கு பங்கு புள்ளிகளை நாமே தூக்கிப்போடவேண்டுமா? புது லேப்டாப்பில் டிவிடி டிரைவே கிடையாது, நல்ல பிளாங்க் டிஸ்க்குக்குக் கடை கடையாக ஏறவேண்டியிருக்கிறது, எழுதின டிஸ்க்கும் வெயிலில் கிடந்தால் சாயம் போய்ச் செத்துவிடும். யுஎஸ்பி குத்துகிற மீடியா பிளேயர் பெட்டி ஒன்று வாங்கிக்கொடுங்கள், மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரோடும் கிடைக்கிறது. ஒரு தடவை செலவு, அதன்பிறகு எந்த வீடியோவும் ஓடும்.

எடிட்டிங்மேசை:

21 அங்குலப் பெட்டி டிவியில் அந்தப் புள்ளிகள் எங்கே தெரியப்போகிறது? அந்த டிவியே 576 கோடுதான் வரையும். அங்கே ஓடுவதற்கு டிவிடி குறைச்சலே இல்லை. நீங்கள் சொல்லும் பெட்டிக்கு இன்னொரு ரிமோட், இன்னொரு மெனு, டிவியில் வயர் மாற்றிக் குத்தும் வேலை. ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தவரிடம் இதைக் கற்றுக்கொள்ளச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மலைக்கோட்டை:

எங்கள் தாத்தா 80 வயதில் கற்றுக்கொண்டார். வயதானவர்களுக்கு வராது என்று நாமாக முடிவு செய்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

முனையம்:

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதே. பிளேயரின் முன்பக்கம் டிவ்எக்ஸ் (DivX) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள் கரிசல்மண். இருந்தால் எக்ஸ்விட் என்ற சுருக்கும் முறையில் ஏவிஐ கோப்பாக மாற்றி டேட்டா டிஸ்காக எழுதினாலே ஓடும். 3 மணி 10 நிமிடம் முழுவதும் இரண்டரை ஜிபிக்குள் அடங்கிவிடும், ஒரே டிஸ்க். எம்பி4, எம்கேவி அதில் ஓடாது, அது வேறு. கியூபெல், ஜிஎம்சி என்ற இரண்டு வசதிகளை மட்டும் மாற்றும் மென்பொருளில் அணைத்துவிடுங்கள், நிறைய பிளேயர் அதில்தான் தடுமாறும்.

அப்புறம், யாராவது ஹேண்ட்பிரேக் போடச் சொன்னால் கேட்காதீர்கள். நல்ல மென்பொருள்தான், ஆனால் அது டிவிடியிலிருந்து எம்பி4 எடுக்கும், டிவிடி செய்யாது. இது தெரியாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்கள் உண்டு.

எடிட்டிங்மேசை:

முனையம் சொல்வது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் டிஸ்கைப் போட்டதும் கோப்புப் பட்டியல்தான் வரும், தமிழில் பெயர் வைத்தால் கேள்விக்குறியாகத் தெரியும், தாலி கட்டும் இடத்துக்கு நேராகப் போகவேண்டுமென்றால் ஓட்டி ஓட்டித் தேடவேண்டும். பக்கத்து வீட்டு பிளேயரில் டிவ்எக்ஸ் இல்லையென்றால் அங்கே ஓடாது. முறையாகச் செய்த டிவிடியில் அடுத்த பட்டனை அழுத்தினால் அடுத்த சாப்டர்: நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு. பெரியம்மாவின் பக்திப் பாட்டு டிஸ்கும் இப்படித்தானே ஓடுகிறது?

கரிசல்மண்:

டிவ்எக்ஸ் எழுத்து இல்லை. யுஎஸ்பி ஓட்டை இருக்கிறது, ஆனால் பென் டிரைவைக் குத்தினால் கண்டுகொள்ளவே இல்லை. சரி, டிவிடி என்றே வைத்துக்கொள்வோம். முழு வீடியோவும் ஒரே டிஸ்கில் வருமா? எழுந்து போய் டிஸ்க் மாற்றுவது அவருக்கு இப்போது சிரமம்.

முனையம்:

யுஎஸ்பி ஓட்டைக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து பிளேயர்கள் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவைத்தான் படிக்கும், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது. 21 ஜிபி கோப்பை வைத்துக் கொடுத்த டிரைவ் வேறு முறையில்தான் இருக்கும்.

டிஸ்க் கணக்கு இதுதான். சாதா டிஸ்க் 4.7 ஜிபி என்பது 470 கோடி பைட், கம்ப்யூட்டர் அதையே 4.37 என்று காட்டும், பயப்படவேண்டாம். அதை 3 மணி 10 நிமிடத்துக்குப் பங்கு போட்டால் ஒலியையும் சேர்த்து வினாடிக்கு 3.3 மெகாபிட் தகவல்தான் கிடைக்கும், இது கூடினால் தரம் கூடும். டிவிடியில் வீடியோவுக்கு மட்டும் அதிகபட்சம் 9.8 வரை போகலாம். 3.3 குறைவுதான், ஆனால் சின்ன டிவிக்குப் பரவாயில்லை. ஒரே டிஸ்கிலேயே போடுங்கள், பெரியம்மா எழவேண்டாம்.

எடிட்டிங்மேசை:

இதை மட்டும் செய்யாதீர்கள். மணமேடையில் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சிக்கு 3 மெகாபிட் போதும். கெட்டிமேளம் கொட்டி எல்லோரும் அட்சதை தூவும் அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அரிசியும் பூவும் திரை முழுக்கப் பறக்கும், எம்பெக்-2 அதைத் தாங்காது. முகமெல்லாம் சதுரம் சதுரமாக உடையும். கல்யாண வீடியோவில் யாரும் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த அரை நிமிடத்தைத்தான். வரவேற்பில் குமிழ் விளக்கும் புகையும் சேர்ந்தால் இன்னும் மோசம். பழைய ஆல்பங்களை டிஸ்க் சிக்கனத்துக்காக அழுத்தி எழுதிக்கொடுத்து, பிறகு அந்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கமுடியாமல் நின்றிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு டிஸ்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 95 நிமிடம், வினாடிக்கு 6 மெகாபிட் தாராளமாகக் கொடுக்கலாம். முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி ஆரம்பிக்கும் இடத்தில் வெட்டுங்கள். 3 மணி நேரத்தை அவர் ஒரே மூச்சில் பார்க்கப்போவதில்லை, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்றுதான் பார்ப்பார்.

முனையம்:

இரண்டு அடுக்காக எழுதும் டபுள் லேயர் டிஸ்க் எதற்கு இருக்கிறது? 8.5 ஜிபி. அதே 3 மணி 10 நிமிடத்துக்கு வினாடிக்கு 5.9 மெகாபிட் வரும். தரமும் இருக்கும், ஒரே டிஸ்காகவும் இருக்கும்.

எடிட்டிங்மேசை:

கம்பெனியில் அச்சடித்த டபுள் லேயர் வேறு, நாம் எழுதுகிற டபுள் லேயர் வேறு. எழுதின டிஸ்கில் ஒளி திரும்பி வருவது குறைவு, லென்ஸ் தேய்ந்த பிளேயர் பாதிப் படத்தில், அடுக்கு மாறும் இடத்தில் நின்றுவிடும். பழைய பிளேயருக்கு நான் டிவிடி மைனஸ் ஆர் (டிஸ்கில் DVD-R என்று இருக்கும்) தவிர வேறெதையும் நம்புவதில்லை. எழுதும் வேகம் 16எக்ஸ் என்று டிஸ்கில் போட்டிருந்தாலும் 4 அல்லது 8இல் எழுதுங்கள், கடைசியில் ஃபைனலைஸ் ஆகிறதா, அதாவது மற்ற பிளேயர் படிக்கும்படி டிஸ்க் மூடப்படுகிறதா என்று பாருங்கள், டிஸ்க் மேல் ஸ்டிக்கர் ஒட்டவே ஒட்டாதீர்கள், எடை ஒரு பக்கம் சாய்ந்து திக்கித் திக்கி ஓடும்.

வன்னித்தென்றல்:

நான் டொராண்டோவில் இருக்கிறேன். இதில் ஒருவரும் சொல்லாத ஒரு விசயம் இருக்கு. யாழ்ப்பாணத்தில் இருந்து தங்கச்சியின் கலியாண டிவிடி வந்தது, இங்கே எங்கள் பிளேயரில் போட்டால் படமே வரவில்லை. அம்மம்மா பாவம், ரெண்டு கிழமை காத்திருந்தவ. ரீஜன் கோட் (எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்ற பூட்டு) பிரச்சினை என்று பலரும் சொன்னார்கள், அது பிழை. வீட்டில் எழுதும் டிஸ்குக்கு ரீஜன் பூட்டு ஒன்றும் போடத் தேவையில்லை. பிரச்சினை 'பால்' முறைதான். வட அமெரிக்காவில் என்டிஎஸ்சி, 720×480, வினாடிக்கு 29.97 படம். இங்கத்தைய பிளேயர்களில் கனக்க 'பால்' டிஸ்கை எடுக்காது. உங்கள் சொந்தக்காரர் யாராவது கனடாவிலோ அமெரிக்காவிலோ இருந்தால் அவர்களுக்கு என்டிஎஸ்சியில் தனியாகச் செய்யுங்கோ.

முனையம்:

நல்ல நேரத்தில் சொன்னீர்கள். இந்தியாவில் விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டு முறையையும் ஓட்டும். அதனால் போனில் எடுத்த வீடியோக்களை நான் இங்கேயும் என்டிஎஸ்சியில்தான் செய்வேன், போன் எடுப்பது பெரும்பாலும் வினாடிக்கு 30 படம், அதை 25க்குக் குறைத்தால் நடப்பவர்கள் வெட்டி வெட்டி நடப்பார்கள். ஸ்டுடியோ கேமரா 25இல் எடுத்திருந்தால் 'பால்' போதும். இன்னொன்று, போன் வீடியோவில் படங்களின் வேகம் கூடிக் குறைந்து ஓடும், அதை முதலில் ஒரே வேகத்துக்குக் கொண்டுவராவிட்டால் ஒரு மணி நேரத்தில் வாயசைவு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

கரிசல்மண்:

பெரியம்மாவுக்காகச் சில இடங்களில் கீழே தமிழில் உறவுமுறை எழுதிக் காட்டலாம் என்று நினைத்தேன், மாப்பிள்ளை வீட்டார் முகம் எதுவும் அவருக்குத் தெரியாது. டிவிடியில் தமிழ் வருமா?

முனையம்:

வரும். டிவிடியில் சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, படமாகத்தான் இருக்கும், அதனால் பிளேயருக்குத் தமிழ் தெரியவேண்டியதில்லை. ஆனால் படமாக்குகிற மென்பொருளுக்குத் தெரியவேண்டும், இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். பத்து வரி செய்து கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு மேலே போங்கள். டிவியின் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், எழுத்தை விளிம்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

மலைக்கோட்டை:

இவ்வளவு வேலை! 'பால்', என்டிஎஸ்சி, கொம்பு, அட்சதை, 4எக்ஸ். ஒரு பெட்டி வாங்கினால் இதில் ஒன்றும் இல்லை. பெரியம்மாவுக்காக நீங்கள் படும் பாட்டை மதிக்கிறேன், ஆனாலும் என் கருத்து மாறவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், டிவிடி எழுதி முடித்ததும் அந்த 21 ஜிபி கோப்பை அழித்துவிடமாட்டீர்களே? டிவிடி இருக்கிறதே என்று அசலை அழித்துவிட்டு, பத்து வருடம் கழித்துப் பெரிய டிவியில் போட்டு மங்கலாகப் பார்த்து வருந்துகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். எங்கள் வீடும் அதில் ஒன்று.

எடிட்டிங்மேசை:

இதில் நானும் உங்கள் பக்கம்தான். டிஸ்க் பார்ப்பதற்கு, அசல் வைத்துக்கொள்வதற்கு.

கரிசல்மண் (இரண்டு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. டிவிடிஸ்டைலரில் இரண்டு டிஸ்காகச் செய்தேன், எழுதுவதற்கு முன் டிஸ்கின் நகலான ஐஎஸ்ஓ கோப்பைக் கம்ப்யூட்டரில் விஎல்சி மென்பொருளில் ஓட்டிப் பார்த்தேன், 'பால்', 6 மெகாபிட், மைனஸ் ஆர், 4எக்ஸ். கிராமத்துக்குப் போய்ப் போட்டால் முதலில் எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிந்தார்கள். வீடியோ 16:9, டிவி 4:3. பிளேயர் செட்டிங்கில் டிவி வகையை லெட்டர்பாக்ஸ் என்று மாற்றியதும் சரியானது, மேலும் கீழும் கறுப்புப் பட்டை மட்டும். அட்சதை இடத்தில் ஒரு சதுரம் கூட உடையவில்லை. முதல் டிஸ்க் முடிந்ததும் அவரே மெதுவாக எழுந்து போய் இரண்டாவதைப் போட்டார், நான் உதவப் போனதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

மலைக்கோட்டை:

மகிழ்ச்சி. அசல் கோப்பு?

கரிசல்மண்:

இன்னும் அந்த ஒரே பென் டிரைவில்தான் இருக்கிறது. மச்சானிடம் ஹார்டு டிஸ்க் கேட்டிருக்கிறேன், இன்று இரவு இரண்டு இடத்தில் ஏற்றிவிடுகிறேன்.