மறு: ப்ரோபயாட்டிக்: நன்னுயிரி வேண்டாம், துணையுயிரி என்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உடல்நலத்துக்காக உட்கொள்ளும் உயிருள்ள நுண்ணுயிர்களான ப்ரோபயாட்டிக்குகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு வந்த எல்லா மடல்களையும் மூன்று நாள்களாக வாசித்துவருகிறேன். ப்ரோபயாட்டிக்குக்கு 'நன்னுயிரி' என்பதே பலருடைய விருப்பம் என்று தெரிகிறது. சொல் சிறியது, நாவில் நிற்கிறது, புணர்ச்சியிலும் பழுதில்லை. நன்மையில் மை கெட்டு, தனிக்குறிலை அடுத்த னகரம் உயிர் வர இரட்டித்திருக்கிறது. இன்னுயிர் என்று நாம் சொல்லிப் பழகிய அதே வழி. ஆனாலும் இந்தச் சொல்லை நான் எதிர்க்கிறேன்.

குடல் அழற்சி நோயாளிகளுக்கான கையேடு ஒன்றை இப்போது மொழிபெயர்த்துவருகிறேன். முதல் வரைவில் நானே 'நல்ல நுண்ணுயிர்கள்' என்றுதான் எழுதியிருந்தேன். என் தங்கைக்குப் பல ஆண்டுகளாகப் பெருங்குடல் புண் அழற்சி இருக்கிறது. வரைவை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டுப் படித்தவள், முடித்ததும் மேசைமேல் இருந்த தன் மாத்திரைப் பட்டையை ஓரமாகத் தள்ளினாள். "உள்ளே நல்லதை அனுப்பினால் போதும் என்றால் இது எதற்கு அண்ணா?" என்றாள். அந்தப் பக்கத்தில் எங்கும் மாத்திரையை நிறுத்தலாம் என்று நான் எழுதவில்லை. 'நல்ல' என்ற ஒரே அடை அதைச் சொல்லிவிட்டது. அன்றே அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

அவளுடைய நோய்க்கு ப்ரோபயாட்டிக் எந்த அளவுக்கு உதவும் என்பதைப் பார்ப்போம். அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெருங்குடல் புண் அழற்சிக்கும் இன்னொரு குடல் அழற்சி நோயான க்ரோன் நோய்க்கும் ப்ரோபயாட்டிக்கை ஆய்வுச் சோதனைகளுக்கு உள்ளே மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது. பெருங்குடலை நீக்கியபின் சிறுகுடலைக் கொண்டு அமைக்கும் பையில் வரும் அழற்சிக்கு மட்டும், எட்டு வகை பாக்டீரியாக்கள் சேர்ந்த ஒரு கலவையைத் தயக்கத்தோடு பரிந்துரைக்கிறது. தீங்கு நேர்ந்த கதையும் உண்டு. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2008 இல் வந்தது. ப்ரோபயாட்டிக் பெற்ற 152 பேரில் 24 பேர் இறந்தார்கள். ஒப்பிடுவதற்காக ப்ரோபயாட்டிக் இல்லாத வெற்றுக் கலவை பெற்ற 144 பேரில் இறந்தவர்கள் 9 பேர். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் 'நன்னுயிரி பெற்றவர்களே அதிகம் இறந்தார்கள்' என்று எழுத வேண்டும். உண்மை நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லும்போதே தன்னோடு முரண்படும் சொல் கலைச்சொல் ஆகாது.

'நன்மை என்பது வரையறையிலேயே இருக்கிறதே' என்று மருத்துவர் அம்மா எழுதியிருந்தார்கள். உண்மைதான். உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 2001 இல் தந்த வரையறையின் சாரம் இது: போதிய அளவில் கொடுக்கும்போது, ஏற்பவரின் உடல்நலத்துக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள். அம்மா, அதில் நன்மைக்கு முன்னால் எத்தனை நிபந்தனைகள் நிற்கின்றன என்று பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவு வேண்டும், வெளியிலிருந்து கொடுக்கப்பட வேண்டும். நன்னுயிரி என்ற சொல் நிபந்தனைகளை எல்லாம் உதறிவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நன்மையை ஓர் உயிரியின் பிறவிக் குணமாக்கிவிடுகிறது.

பிறவிக் குணம் இல்லை என்பதற்கு, குடலில் வாழும் பாக்டீரியாவான இ. கோலையைவிட நல்ல சான்று கிடையாது. முதல் உலகப் போரின்போது, உடனிருந்தவர்கள் வயிற்றுப்போக்கில் விழ, தான் மட்டும் நலமாக இருந்த ஒரு படைவீரரின் மலத்திலிருந்து 1917 இல் ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற ஜெர்மானிய மருத்துவர் ஓர் இ. கோலையைப் பிரித்தெடுத்தார். இன்றும் அது அவர் பெயரோடும் அந்த ஆண்டோடும் வழங்குகிறது. பெருங்குடல் புண் அழற்சி அடங்கிய நிலையில் இருப்பவர்களுக்கு, நோய் திரும்பாமல் காப்பதில் மெசலசீன் மருந்துக்கு ஈடாக நின்ற ப்ரோபயாட்டிக் அது. அதே இ. கோலை இனத்தின் வேறு வகைகள் இரத்தக் கழிச்சலையும் சிறுநீரகச் செயலிழப்பையும் கொண்டுவருகின்றன. ஆகவே இனத்தைச் சொல்வது போதாது, இனத்துக்குள் எந்த உட்பிரிவு, அதாவது எந்த ஸ்ட்ரெயின் என்றும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெயினுக்குச் செய்தித்தாள்கள் 'திரிபு' என்று எழுதுகின்றன. அதில் ஏதோ கெட்டுப்போன வாடை இருக்கிறது. 'கால்வழி' என்ற பழைய சொல் நம்மிடம் சும்மா கிடக்கிறது. ஒரே மூதாதையிலிருந்து வழிவழியாக வந்தது என்ற பொருளை அது அப்படியே தருகிறது. கையேட்டில் அதையே ஆள்கிறேன்.

மற்ற முன்மொழிவுகளுக்கு வருகிறேன். 'முன்னுயிரி' பொருந்தாது. ப்ரோ என்பது இங்கே 'ஆதரவாக' என்ற பொருளில் வருகிறது, 'முன்' என்ற பொருளில் அன்று. ஆன்டிபயாட்டிக்குக்கு நேர் எதிராக, ஒரு நுண்ணுயிர் சுரந்து இன்னொன்றின் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களுக்கு 1965 இல் லில்லியும் ஸ்டில்வெல்லும் இந்தப் பெயரை வழங்கினார்கள். சுரப்பிலிருந்து உயிருக்குப் பொருள் நகர்ந்தது பின்னால்தான். மேலும் குடல் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும் பொருளுக்கு 1995 முதல் ப்ரீபயாட்டிக் என்று தனியே ஒரு பெயர் இருக்கிறது. முன்னுயிரி என்றால் இரண்டும் குழம்பும். பாக்டீரியா என்பதைச் சொல்லுக்குள் வைக்கும் யோசனையும் நிற்காது, ஏனென்றால் ப்ரோபயாட்டிக்குகளில் ஒன்றான சாக்கரோமைசிஸ் பௌலார்டி பாக்டீரியா அன்று, ஈஸ்ட் என்ற பூஞ்சை வகை.

'விருந்துயிரி' என்ற யோசனையில் மட்டும் மனம் நின்றது. உட்கொண்ட ப்ரோபயாட்டிக்குகளில் பெரும்பாலானவை குடலில் குடியேறுவதில்லை; உட்கொள்வதை நிறுத்தினால் சில நாள்களிலோ வாரங்களிலோ மறைந்துவிடுகின்றன. வந்து தங்கிப் போகும் புதியவர்தானே விருந்து? நுண்ணுயிர்களுக்கு இடம் தரும் உடலை ஓம்புயிர் என்று நாம் ஏற்கெனவே சொல்வதோடு அது கைகோத்தும் வருகிறது. ஆனால் ஒட்டுண்ணியும் ஓம்புயிருக்கு விருந்தாகத்தான் வருகிறது. அந்த ஓட்டையை அடைக்க முடியாததால் வருத்தத்தோடு கைவிட்டேன்.

என் பரிந்துரை 'துணையுயிரி'. ப்ரோ என்பதன் ஆதரவுப் பொருள் துணையில் இருக்கிறது. துணைக்கு ஒருவரை அழைத்துப் போகிறோம். அவர் உதவலாம், உதவாமலும் போகலாம். துணை முதன்மையும் அன்று. மருந்தின் இடத்தை அது கேட்பதில்லை. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். 'இந்தத் துணையுயிரி அழற்சியைத் தணிக்கவில்லை.' 'எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் துணையுயிரி உட்கொள்ளக் கூடாது.' இரண்டும் இடறாமல் ஓடுகின்றன. குடலில் முன்பே வாழ்பவற்றுக்கும் இதே பெயர் போய்விடாதா என்று கேட்பீர்கள். அவற்றை 'உறைநுண்ணுயிர்கள்' என்போம். க்ரோன் நோயாளிகளின் குடலில் குறைந்து காணப்படும் ஃபீக்காலிபாக்டீரியம் ப்ராஸ்னிட்சி ஓர் உறைநுண்ணுயிர். அது நார்ச்சத்தை நொதிக்கவைத்து ப்யூட்டிரேட் தருகிறது. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுவே முதன்மையான எரிபொருள்; அழற்சியை அடக்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் பெருகவும் உதவுகிறது. ஆனால் ஆக்சிஜன் பட்டால் அந்த நுண்ணுயிர் சீக்கிரம் மடிந்துவிடுவதால் குப்பியில் அடைத்துத் தருவது கடினம். எனவே அழற்சியைத் தணிக்கும் உயிர்கள் எல்லாம் துணையுயிரிகள் அல்ல என்பதையும் சொற்களே காட்டிக்கொடுக்கும்.

அழற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'குடல் வீக்கம்' என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். சிவத்தல், வீங்குதல், சூடு, வலி என்று பழைய ரோமானிய ஆசிரியர் செல்சஸ் சொன்ன நான்கில் வீக்கம் ஒன்றுதான். அழல் என்றால் தீ. இன்ஃப்ளமேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலமும் தீயைத்தான் சொல்கிறது. இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. ஒரே சிக்கல், பேச்சில் இது 'அலர்ஜி' என்று காதில் விழுகிறது. தங்கையே முதலில் அப்படித்தான் கேட்டுக்கொண்டாள். ஆகவே கையேட்டில் முதல் தடவை வரும் இடத்தில் 'அழற்சி, அதாவது திசு கனன்று சிவந்து வீங்குதல். ஒவ்வாமை அன்று' என்று விளக்கிவிட்டேன்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றச் சொற்களில் ப்ரீபயாட்டிக்குக்குத் 'துணையுயிரி ஊட்டம்' எனலாமா என்று பார்த்தேன். அது உறைநுண்ணுயிர்களுக்கும் தீனி என்பதால் 'நுண்ணுயிரூட்டம்' என்று மாற்றிக்கொண்டேன். துணையுயிரியும் நுண்ணுயிரூட்டமும் சேர்ந்த சின்பயாட்டிக் 'ஊட்டத் துணையுயிரி'. போஸ்ட்பயாட்டிக் மட்டும் பிடிபடவில்லை. உயிரற்ற நுண்ணுயிர்களையும் அவற்றின் கூறுகளையும் அது குறிப்பதால் உயிரி என்று முடிக்க முடியாது. 'துணையெச்சம்' என்று எழுதிப் பார்த்தேன். எச்சம் என்றதும் பறவை எச்சம் நினைவுக்கு வருமே. வயிற்றுக்குள் போகும் பொருளுக்கு அந்தப் பெயர் வேண்டாம். வேறு சொல் தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. இல்லையென்றால் அந்த ஓர் இடத்தில் போஸ்ட்பயாட்டிக் என்றே விட்டுவிடுவேன்.