பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லாதவன் வெட்கப்பட்டவனா?

சமாதானபுரத்தான்:
போன வாரம் தேரிக்காட்டான் அண்ணாச்சி இங்கே ஒரு வரி எழுதினார். "பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்குகிறவன் சுவிசேஷத்துக்கு வெட்கப்பட்டவன்." கீழே வரிசையாக ஆமென் போட்டிருக்கிறார்கள். மூன்று நாளாக அது எனக்குத் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். ஒரு நாளும் பஸ்ஸில் யாரிடமும் சுவிசேஷக் கைப்பிரதி நீட்டியதில்லை. நான் வெட்கப்பட்டவனா? பாளையங்கோட்டை சபையின் பழைய பதிவேட்டில் முதல் பெயர் குளோரிந்தா அம்மாள். 1778இல் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார். ஐயர் போய் அவர் கதவைத் தட்டவில்லை. அந்த அம்மாள் தானாகக் கேட்டார். அதற்கு முன்னால் தஞ்சாவூரில் கேட்டபோது ஐயர் கொடுக்கவே இல்லை. கேட்டு வந்தவரை வைத்துத் தொடங்கிய சபை இது. பஸ்ஸில் துரத்திப் பிடித்த சபை இல்லை.

தேரிக்காட்டான்:
சார், ஒரே ஒரு கேள்வி. குளோரிந்தா அம்மாள் கேட்டார், சரி. கேட்கிற அளவுக்கு அவருக்கு முதலில் யார் சொன்னது? தஞ்சாவூர்ப் பிராமண விதவை அவர். இயேசு என்ற பெயர் கனவிலா வந்தது? யாரோ ஒருவர் வாய் திறந்திருக்கிறார். அதைத்தான் நான் எழுதினேன். வேதத்தில் பவுல் அப்போஸ்தலர் எழுதிய ரோமர் 1:16ஐ எடுத்துப் பாருங்கள். "கிறிஸ்துவின் சுவிசேஷத்தைக்குறித்து நான் வெட்கப்படேன்." மனதுக்குள் வெட்கப்படேன் என்று பவுல் சொல்லவில்லை. ரோமாபுரிக்கே வந்து பிரசங்கம் பண்ண ஆயத்தமாக இருக்கிறேன் என்று முந்தின வசனத்தில் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொல்கிறார்.

சமாதானபுரத்தான்:
சொன்னது லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி. அந்த அம்மாளோடு ஒரே வீட்டில் இருந்தவர். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து இருந்ததால்தான் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். வீட்டுக்குள் இருந்தவர் சொன்னார் அண்ணாச்சி. வள்ளியூர் பஸ்ஸில் இல்லை. கடைசியில் கேட்டது அம்மாள்தான்.

தேரிக்காட்டான்:
ஆக ஒருவர் சொல்லியிருக்கிறார். நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்.

சமாதானபுரத்தான்:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கேட்டார்.

முதலூரான் (துபாய்):
ரெண்டு பேரும் பாளையங்கோட்டையையே சுற்றுகிறீர்கள். எங்கள் ஊரை விட்டுவிட்டீர்களே. தாவீது சுந்தரானந்தம் தஞ்சாவூர்ப் பக்கம் போய் விசுவாசியானவர். அங்கேயே சுகமாக இருந்திருக்கலாம். திரும்பி வந்து சாத்தான்குளம் பக்கத்தில் தன் சொந்தக்காரர்களிடம்தான் முதலில் சொன்னார். ஜெப வீட்டை இடித்தார்கள், ஜனங்களை அடித்தார்கள். 1799இல் தனியாக நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அதுதான் முதலூர், முதல் ஊர். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எங்கள் ஊரே கிடையாது.

நாசரேத் டீச்சர்:
தம்பி, நீயே சொல்லிவிட்டாய், சொந்தக்காரர்களிடம் என்று. தெரிந்தவர்கள், அவரைச் சின்ன வயசில் இருந்து பார்த்தவர்கள். அவர் மாறியிருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு நான் யார் என்றே தெரியாதே. நாங்குநேரி வருவதற்குள் அவருக்கு நான் என்னத்தைக் காட்ட முடியும்?

தேரிக்காட்டான்:
டீச்சர், மரியாதையோடு சொல்கிறேன். நாங்குநேரி வருவதற்குள் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, முழங்கால் வலி, தங்கம் விலை எல்லாம் அதே ஆளிடம் பேசுகிறோம். அப்போது மட்டும் நாம் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதா? இயேசு என்று வரும்போதுதான் முன்பின் தெரியாதவர் ஆகிவிடுகிறார்.

என் அப்பா உபதேசியார், கிராமங்களில் வேதம் சொல்லிக்கொடுக்கிற சபை ஊழியர். செம்மணல் தேரிக்காட்டு ஓரம் மூன்று கிராமம், சைக்கிளில் போவார். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பனையேறுகிறவர்கள் விடிவதற்கு முன்னாலேயே மரத்துக்குப் போய்விடுவார்கள். அவர் அதற்கு முன்னால் போய் மரத்தடியில் நிற்பார். இறங்குகிற ஆளுக்கு ஒரு வசனம், ஒரு ஜெபம். சில பேர் ஏசியிருக்கிறார்கள். ஒருவர் பதநீர்க் கலயத்தை அவர் மேல் கொட்டிவிட்டார். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றிக் காயப்போட்டார், மறுநாள் அதே மரத்தடிக்குப் போனார். கொட்டிய ஆளின் பேரன் இன்றைக்கு எங்கள் கோயிலில் பாடகர் குழுவில் நிற்கிறான். அப்பா அதைப் பார்க்காமலேயே போய்விட்டார். அவர் அந்த ஆளை "தெரியாதவர்" என்று விட்டிருந்தால்? ஆகவே திரும்பவும் கேட்கிறேன், குளோரிந்தா அம்மாளுக்கு முதலில் யார் சொன்னது?

நாசரேத் டீச்சர்:
உங்கள் அப்பாவை நினைத்து மனசு நிறைகிறது. ஆனால் அதுவும் ஒரே மரம், ஒரே ஆள், தினம் தினம் போனது. பஸ் அப்படி இல்லை.

உவரிக்காரன்:
எனக்கு வேறு கோபம். குளோரிந்தாவில் இருந்துதான் திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவம் தொடங்கியது போல எல்லோரும் பேசுகிறீர்கள். கத்தோலிக்க குரு சவேரியார் 1542இல் இந்தக் கடற்கரைக்கு வந்தார். மணப்பாட்டில் அவர் தங்கி ஜெபித்த குகை இன்றும் இருக்கிறது. நீங்கள் சொல்லும் 1778க்கு 236 வருஷம் முன்னால். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஜெபம் சொல்லிக் கொடுத்தவர் அவர். தமிழ் அவருக்குச் சரியாக வராது. மனப்பாடம் பண்ணிக்கொண்டு சொன்னார். தைரியம் என்றால் அதைச் சொல்லுங்கள்.

சமாதானபுரத்தான்:
நான் "பாளையங்கோட்டை சபை" என்றுதான் எழுதினேன். நன்றாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

உவரிக்காரன்:
கடைசியில் "கேட்டு வந்தவரை வைத்துத் தொடங்கிய சபை இது" என்றீர்கள். கத்தோலிக்கர்களான எங்களைச் சபை என்று எண்ணுவதே இல்லை, அதுதான் விஷயம். தேவசகாயம் பிள்ளையையும் நீங்கள் யாரும் சொல்லவில்லை. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். சாகும்வரை விசுவாசத்தை மறுதலிக்கவில்லை.

தேரிக்காட்டான்:
அண்ணாச்சி, தேவசகாயத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் அவருக்கும் ஒருவர் சொன்னார் பாருங்கள். டி லனாய் என்ற டச்சு தளபதி. ஆடு மாடு செத்து, சொத்து நஷ்டப்பட்டு மனம் உடைந்து இருந்தபோது, எல்லாம் இழந்தும் விசுவாசத்தை விடாத வேதத்து யோபுவின் கதையைச் சொன்னார். சொன்னார்! அவர் கேட்கும்வரை டி லனாய் காத்திருக்கவில்லை.

சமாதானபுரத்தான்:
நண்பர் துக்கத்தில் இருந்தார், பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார். நான் சொல்வதும் இதுதானே. 1 பேதுரு 3:15, "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல" ஆயத்தமாக இருங்கள். விசாரித்துக் கேட்கிறவருக்கு. நீங்கள் அந்த வார்த்தையைத் தாண்டித் தாண்டிப் போகிறீர்கள்.

தேரிக்காட்டான்:
நீங்கள் அப்போஸ்தலர் 4:20ஐத் தாண்டிப் போகிறீர்கள். "நாங்கள் கண்டவைகளையும் கேட்டவைகளையும் பேசாமலிருக்கக்கூடாதே." பேதுருவையும் யோவானையும் பேசக்கூடாது என்று கட்டளையிட்டு மிரட்டினார்கள். யாரும் விசாரித்துக் கேட்கவில்லை. அதே பேதுருதான் உங்கள் வசனத்தையும் எழுதினார்.

டவுண் பையன்:
நான் இந்து. டவுணில் ரத வீதிப் பக்கம் வீடு. ஒரு ஆனித் தேரோட்டத்தன்று கூட்டத்தில் நின்ற எங்கள் அம்மா கையில் ஒருவர் ஒரு தாளைத் திணித்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து படித்தால், நாங்கள் கும்பிடுவது பிசாசு என்று போட்டிருந்தது. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்குப் பாளையங்கோட்டையில் படிப்புச் சொல்லித் தந்தவர்கள் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். அவர்களில் ஒருவர் எனக்குப் பரீட்சைப் பணம் கட்டினார். அவர் ஒரு நாளும் தாள் கொடுத்ததில்லை. அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று நானாகத்தான் ஒரு நாள் கேட்டேன். இதில் யார் வெட்கப்பட்டவர் என்று தேரிக்காட்டான் அண்ணாச்சிதான் சொல்ல வேண்டும்.

சமாதானபுரத்தான்:
இதற்குப் பதில் சொல்லுங்கள் அண்ணாச்சி. அவரும் கேட்டார்! குளோரிந்தா அம்மாள் மாதிரியே.

தேரிக்காட்டான்:
தம்பி, உங்கள் அம்மா சாப்பிடாமல் படுத்தது எனக்கு வருத்தம். அந்தத் தாளை நான் அச்சடிக்கவில்லை, நான் கொடுக்கிற தாளில் அப்படி ஒரு சொல்லும் இருக்காது. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வாத்தியாரிடம் நீங்கள் கேட்டபோது அவர் என்ன சொன்னார்? சொன்னாரா, சிரித்து மழுப்பிவிட்டாரா?

டவுண் பையன்:
ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வா, பார்க்கலாம் என்றார். போனேன். அசனத்தில், அவர்கள் கோயில் பொதுப் பந்தியில், சாப்பிட்டேன். இன்றைக்கும் நான் இந்துதான். அவர் இன்றைக்கும் எனக்கு வாத்தியார்தான்.

தேரிக்காட்டான்:
கூப்பிட்டிருக்கிறார். அதுவும் சொல்வதுதான்.

நாசரேத் டீச்சர்:
அண்ணாச்சி, ஊரில் யார் என்ன செய்தாலும் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்கிறீர்களே.

சமாதானபுரத்தான்:
இன்னொன்று. கவிஞர் கிருஷ்ணபிள்ளையை எடுங்கள், கரையிருப்பில் பிறந்தவர், வைணவக் குடும்பம். சாயர்புரத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தார். அவரை யாரும் பஸ்ஸில் மடக்கவில்லை. படித்தார், நண்பர்களோடு பேசினார், யோசித்தார். 1858இல் ஞானஸ்நானம் வாங்கினார். பிறகுதான் அவருடைய இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியம் வந்தது. யோசிக்க விட்டதால் வந்த கவிதை அது.

தேரிக்காட்டான்:
அந்த ஞானஸ்நானம் எங்கே நடந்தது என்று சொல்லுங்களேன். சென்னையில். சொந்த ஊரில் எடுத்துக்கொள்ள முடியாத நிலை. அவ்வளவு எதிர்ப்பு. அவர் தம்பி முத்தையா பிள்ளை அவருக்கு முந்தியே விசுவாசியானவர். வீட்டுக்குள்ளேயே சாட்சி இருந்தது. நீங்கள் பாதிக் கதையைச் சொல்கிறீர்கள், சார்.

முதலூரான் (துபாய்):
சென்னைக்குப் போய் எடுத்தது வெட்கமா, எச்சரிக்கையா?

தேரிக்காட்டான்:
கிருஷ்ணபிள்ளையை வெட்கப்பட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன்.

சமாதானபுரத்தான்:
ஏன் சொல்ல மாட்டீர்கள்? உங்கள் அளவுகோல் எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்றா?

தேரிக்காட்டான்:
சரி, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். போன சேகர கமிட்டி, நம் வட்டாரச் சபைகளின் நிர்வாகக் குழு, எலெக்‌ஷனுக்கு நீங்கள் வீடு வீடாக வந்தீர்கள் சார். எங்கள் தெருவில் ஒரு கதவு விடவில்லை. முன்பின் தெரியாத வீட்டிலும் உள்ளே வந்து உட்கார்ந்து, காபி குடித்து, ஓட்டுக் கேட்டீர்கள். அன்றைக்கு வராத கூச்சம், இயேசுவுக்காகப் போகும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது? இதைக் கோபத்தில் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக எனக்குள் கிடக்கிற கேள்வி.

சமாதானபுரத்தான்:
வந்துவிட்டீர்கள் உங்கள் இடத்துக்கு! நீங்கள் எந்த அணிக்கு வேலை பார்த்தீர்கள் என்று ஊருக்கே தெரியும். சுவிசேஷத்தைப் பற்றிப் பேசும்போது கமிட்டியை ஏன் இழுக்கிறீர்கள்? கணக்குக் கேட்டவனை ஓரம் கட்டியது யார் என்று நானும் எழுதட்டுமா?

உவரிக்காரன்:
இதற்குத்தான் எலெக்‌ஷன் இல்லாத சபையில் இருக்கிறேன்.

நாசரேத் டீச்சர்:
2003இல் பிஷப்பின் ஆளுகையான நம் திருமண்டலம் இரண்டாகப் பிரிந்தபோதும் இதே பேச்சுதான் கேட்டேன். இதை வெளியே உள்ளவர்கள் படிக்கிறார்கள், டவுண் தம்பி படிக்கிறார். நமக்குள் இப்படி அடித்துக்கொண்டு பஸ்ஸில் யாரிடம் போய் என்ன சொல்வது?

முதலூரான் (துபாய்):
நான் இருக்கிற நாட்டில் தெருவில் நின்று பேச முடியாது, தாளும் கொடுக்க முடியாது. சட்டம் விடாது. ஒரு அறையில் ஆறு பேர். ராத்திரி படுக்கும் முன் கட்டிலில் உட்கார்ந்து வேதம் வாசிப்பேன், கண்ணை மூடி ஜெபம் பண்ணுவேன். அவ்வளவுதான். முதல் மாதம் போர்வைக்குள் மறைத்து வைத்து வாசித்தேன். அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. இப்போது விளக்கைப் போட்டு வாசிக்கிறேன். போன வாரம் மேல் கட்டில்காரர், அவர் வீட்டில் யாருக்கோ சுகமில்லை, "நீ கும்பிடும்போது அவளுக்கும் சேர்த்துக் கும்பிடு" என்றார். நான் யார் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

தேரிக்காட்டான்:
தம்பி, போர்வையை எடுத்தாயே, அதுதான் நான் சொல்கிற தைரியம்.

சமாதானபுரத்தான்:
அந்த மேல் கட்டில்காரர் கேட்டார் பாருங்கள். கேட்டார்!

தேரிக்காட்டான்:
விளக்கைப் போட்டதால் கேட்டார். பாளையங்கோட்டைக்கே வருகிறேன். சுவார்ட்ஸ் ஐயரின் 1771ஆம் வருஷக் குறிப்பிலேயே சவரிமுத்து என்ற விசுவாசி இருக்கிறார். கோட்டைப் பக்கம் இருந்தவர்களுக்கு உட்கார்ந்து வேத வசனம் வாசித்துக் காட்டினவர். குளோரிந்தா அம்மாளின் ஞானஸ்நானத்துக்கு ஏழு வருஷம் முன்னால். சம்பளத்துக்கு வந்த மிஷனரி இல்லை, நம்மை மாதிரி ஒரு சாதாரண ஆள். அவரிடம் யார் வந்து கேட்டார்கள்? பிறகு 1903இல் இதே ஊரில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி அசரியா என்ற ஊழியர், ஆத்துமாக்களைத் தேடித் தெலுங்குச் சீமைத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினாரே, தெலுங்குக்காரர்கள் கடிதம் எழுதியா கேட்டார்கள்?

சமாதானபுரத்தான்:
சவரிமுத்து அக்கம்பக்கத்தாருக்கு வாசித்தார். தோர்ணக்கல்லுக்குப் போனவர்கள் மொழி படித்து, அங்கேயே தங்கி, பள்ளிக்கூடம் வைத்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்விடவில்லை. 1785இல் கட்டிய கோயிலை இன்றும், பிராமணப் பெண்ணான குளோரிந்தா அம்மாளின் பேரில், பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றுதான் ஜனங்கள் சொல்கிறார்கள். சவரிமுத்து கோயில் என்று சொல்லவில்லை. கேட்டு வந்தவரின் பெயர்தான் நின்றது.

தேரிக்காட்டான்:
சொன்னவருடைய பெயர் நிற்காமல் போனாலும் அவர் சொன்னார். நாளைக்குக் காலையில் வள்ளியூர் பஸ்ஸில் போகிறேன். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் பேசுவேன்.

டவுண் பையன்:
முதலில் அவருக்குப் பேச நேரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள் அண்ணாச்சி.

சமாதானபுரத்தான்:
கமிட்டிக் கணக்கைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தேரிக்காட்டான்:
என் கேள்விக்கும்தான். அந்த அம்மாளுக்கு முதலில் யார் சொன்னது, ஏன் சொன்னார்?