ஏப்ரல் பயிற்சி ஆட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது முக்கியமா?

கேள்வி: அக்கா, ஆகஸ்டில் கொலம்பஸ் வந்து சேர்ந்தேன். ஓஹாயோ ஸ்டேட்டில் மாஸ்டர்ஸ். எங்கள் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஏப்ரலில் ஆடும் பயிற்சி ஆட்டமான ஸ்பிரிங் கேமுக்கு எங்கள் லேபே கிளம்புகிறது. இந்த வருஷம் 80 ஆயிரம் தாண்டுமா, எங்கள் பரம எதிரியான மிச்சிகன் அணிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரே பேச்சு. கணக்கிலேயே சேராத ஒரு ஆட்டத்துக்கு எத்தனை பேர் வந்தால் என்ன? நான் கட்டாயம் போக வேண்டுமா?

தம்பி, கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் போங்கள். எண்ணிக்கையை வைத்து லேபில் நடக்கும் சண்டையில் மட்டும் அதிகம் மனதைக் கொடுக்காதீர்கள்.

முதலில் அது என்ன ஆட்டம் என்று புரிந்துகொள்ளுங்கள். என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் ஆகஸ்டில் வேறு அணிகளோடு மோதிப் பார்ப்பது போல கல்லூரி அணிகளுக்குக் கிடையாது. வசந்த காலத்தில் 15 பயிற்சிகளுக்கு அனுமதி உண்டு. அதில் கடைசியைப் பெரும்பாலும் ஸ்டேடியத்தைத் திறந்துவிட்டு ஜனங்கள் முன்னால் நடத்துவார்கள். எதிரணி வெளியிலிருந்து வராது. நம் அணியே இரண்டாகப் பிரிந்து ஆடும், இங்கே அணியின் இரண்டு நிறங்களான ஸ்கார்லெட் ஒரு பக்கம், கிரே ஒரு பக்கம். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைக் கீழே தள்ளக் கூடாது, தொட்டாலே விசில். காயம் பட்டுவிடக் கூடாது என்று முக்கியமான வீரர்களைக் கொஞ்ச நேரத்திலேயே உட்கார வைத்துவிடுவார்கள். எனவே ஸ்கோரைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. 2019 மார்ச்சில் சேப்பாக்கத்தில் சிஎஸ்கே தங்களுக்குள் ஆடிய பயிற்சி ஆட்டத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. அந்த வருஷம் ஃபைனலில் மும்பையிடம் ஒரே ரன்னில் தோற்றோம். மார்ச் மாதக் கூட்டத்துக்கும் அந்த ஒரு ரன்னுக்கும் யாராவது முடிச்சுப் போடுவார்களா? இங்கே போடுகிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஓஹாயோ ஸ்டேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஏப்ரலில் வந்தவர்கள் 60 ஆயிரம் சொச்சம். ஒரு லட்சத்துக்கும் மேல் கொள்ளும் ஸ்டேடியத்துக்கு அது சுமாரான கூட்டம்தான். ஆனால் அந்த அணிதான் 2015 ஜனவரியில் ஓரிகனை 42-20 என்று வீழ்த்தி தேசிய சாம்பியன் ஆனது. அதற்கு அடுத்த ஏப்ரலில் 99,391 பேர். 2016 ஏப்ரல் 16 அன்று 100,189 பேர், அது ஒரு சாதனை. சாதனைக் கூட்டம் வந்த அந்த வருஷம் எப்படி முடிந்தது தெரியுமா? அரையிறுதியில் கிளெம்சனிடம் 31-0. ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஜெயித்த பிறகுதான் கூட்டம் வந்திருக்கிறது, வரப்போகும் வெற்றியை அது முன்கூட்டிச் சொல்லவில்லை.

அதே 2016 ஏப்ரல் 16 அன்று ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலும் ஸ்டேடியம் நிரம்பியது. கிர்பி ஸ்மார்ட் அங்கே அப்போதுதான் தலைமைக் கோச்சாக வந்திருந்தார். ஸ்டேடியத்தை நிரப்பிக் காட்டுங்கள் என்று அவரே கேட்டார், 93 ஆயிரம் பேர் வந்தார்கள். அந்த சீசனில் சொந்த மைதானத்திலேயே வாண்டர்பில்ட்டிடம் 17-16 என்று தோற்று, 8 வெற்றி 5 தோல்வியோடு முடித்தார்கள். இதற்கெல்லாம் முன்னோடி அலபாமா. 2007-ல் நிக் செய்பன் தலைமைக் கோச்சாக வந்து சேர்ந்த முதல் வசந்தத்தில் 92,138 பேர் வந்து, உட்கார இடமில்லாமல் போனது. அந்த நவம்பரில் லூசியானா-மன்றோ என்ற சின்ன அணியிடம் அதே மைதானத்தில் 21-14 தோல்வி.

சரி, அப்படியானால் கூட்டத்தால் ஒரு பயனும் இல்லையா என்று கேட்டால், உண்டு. நீங்கள் ஸ்டேடியத்துக்குப் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். ஆட்டம் தொடங்குவதற்கு முன் மைதானத்தின் ஓரமாக ஒரு சிறு கூட்டம் நடந்து போகும். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். முகத்தில் குழந்தைத்தனம் போகவில்லை, ஆனால் தோள் அகலம் கதவளவு. கூடவே அப்பா, அம்மா, சில நேரம் பாட்டி. ஒரு அம்மா போனை உயர்த்திப் பிடித்து, ஸ்டேடியத்தின் மேலடுக்கான சி டெக் வரை மெதுவாக ஒரு சுற்று வீடியோ எடுத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பையன் பேசாமல் அதே திசையில் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள்தான் ரெக்ரூட்கள். நாலைந்து பெரிய கல்லூரிகள் அந்தப் பையனைக் கூப்பிட்டிருக்கும், எங்கே சேர்வது என்று அந்தக் குடும்பம் யோசித்துக்கொண்டிருக்கும். ஒரு பிராக்டிஸுக்கே இத்தனை பேர் வருகிறார்கள் என்பதை அவர்கள் நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் கோச்கள் ரசிகர்களைக் கெஞ்சிக் கூப்பிடுகிறார்கள்.

பலன் கிடைத்ததா? ஜார்ஜியா 2018-ல் சேர்த்த புது வீரர்கள் நாட்டிலேயே முதல் தரம் என்று கணிக்கப்பட்டார்கள். 2021, 2022 இரண்டு சீசன்களிலும் சாம்பியன். அலபாமா அந்த மோசமான சீசனுக்கு அடுத்த பிப்ரவரியிலேயே ஜூலியோ ஜோன்ஸ், மார்க் இங்ரம் என்ற இரண்டு இளம் வீரர்களையும் சேர்த்தது. 2009-ல் சாம்பியன், இங்ரமுக்கு வருஷத்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது. இதெல்லாம் ஒரு ஏப்ரல் மதியக் கூட்டத்தால் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். செய்பனும் ஸ்மார்ட்டும் வீடு வீடாகப் போய்ப் பேசி ஆள் சேர்ப்பதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். ஊரே அணியின் பின்னால் நிற்கிறது என்பதற்குக் கூட்டம் ஒரு சாட்சி, அவ்வளவுதான் அதன் பங்கு. அந்தப் பங்கும் இப்போது குறைந்துவிட்டது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே விளையாட்டு வீரர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கலாம், முதல் வருஷத்துக்கான உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அந்தக் குடும்பம் இன்று முதலில் பார்ப்பது ஒப்பந்தத் தாளைத்தான், சி டெக் அப்புறம்.

இன்னொன்று. எண்ணிக்கையை அறிவிப்பதே அந்தந்தக் கல்லூரிதான். சில இடங்களில் நுழைவு இலவசம், சில இடங்களில் டிக்கெட் உண்டு. ஒரு ஊரில் வெயில், இன்னொரு ஊரில் பனி. இதையெல்லாம் ஒரே தட்டில் வைத்து எங்கள் ரசிகர்கள்தான் பெரியவர்கள் என்று வாதாடுவதில் அர்த்தமில்லை.

கேள்வி: அக்கா, நான் நெப்ராஸ்கா, லிங்கன். இங்கே 2025-ல் ஸ்பிரிங் கேமையே நிறுத்திவிட்டார்களே? கூட்டம் வருவது நல்லது என்றால் ஏன் நிறுத்த வேண்டும்?

நல்ல கேள்வி. உங்கள் ஊர் இந்த விஷயத்தில் எல்லோருக்கும் பாடம் எடுக்கும் ஊர். 2018-ல் ஸ்காட் ஃப்ராஸ்ட் தன் பழைய கல்லூரிக்கே கோச்சாகத் திரும்பியபோது 86,818 பேர் வந்தார்கள். சீசன் தொடர்ந்து 6 தோல்விகளோடு ஆரம்பித்து, 4 வெற்றி 8 தோல்வியில் முடிந்தது.

2025-ல் நெப்ராஸ்கா கோச் மேட் ரூல் ஆட்டத்தை நிறுத்தியதற்குக் காரணம் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். ஒரு கல்லூரி வீரர் வேறு கல்லூரிக்கு மாற அதில் பெயரைப் பதிய வேண்டும். அப்போது ஏப்ரலிலும் அதற்கு ஒரு காலக்கெடு திறந்திருந்தது. முந்தைய வருஷம் தங்கள் பயிற்சி ஆட்டம் டிவியில் நன்றாக ஒளிபரப்பானது, அதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் தங்கள் வீரர்களுக்கு வலை வீசினார்கள் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். டெக்சஸும் அந்த வருஷம் ஆட்டத்தை விட்டுவிட்டது. கோச்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம் புரிகிறது, தன் கடைச் சரக்கை எதிர்க்கடைக்காரன் கண்ணில் படும்படி யார் பரப்பி வைப்பார்கள்? 2026 முதல் அந்த ஏப்ரல் காலக்கெடுவை எடுத்துவிட்டு, ஜனவரியில் மட்டும் மாறலாம் என்று விதியை மாற்றிவிட்டார்கள். எனவே அந்தப் பயம் முன்பு அளவுக்கு இருக்க வேண்டியதில்லை.

வீரர்கள் அணி மாறும் வேகத்துக்கு கொலராடோவைப் பாருங்கள். 2022 சீசனில் 12 ஆட்டத்தில் 11 தோற்ற அணி. டியான் சாண்டர்ஸ் கோச்சாக வந்ததும் 2023 ஏப்ரலில் பனி பெய்யும்போது 47,277 பேர் டிக்கெட் வாங்கி நிறைத்தார்கள், ஈஎஸ்பிஎன் நேரடியாகக் காட்டியது. அன்று பாஸைப் பிடித்து 98 யார்டு டச் டவுன் போட்ட வீரருக்கு ஸ்டேடியமே எழுந்து ஆரவாரம் செய்தது. சில நாட்களுக்குள் அவர் போர்ட்டலில் பெயர் கொடுத்து அரிசோனாவுக்குப் போய்விட்டார். அவரோடு இன்னும் பலர். யாருக்காகக் கத்தினோமோ அவர்கள் சீசன் நடக்கும் செப்டம்பரில் இருக்கமாட்டார்கள் என்றால் ரசிகனுக்கு மனம் விட்டுப்போகாதா? எனக்கு இதில் கோச்களை விட ரசிகர்கள் பக்கம்தான் அனுதாபம். செப்டம்பர் ஆட்டத்துக்கு ஒரு குடும்பமே போக வசதி இல்லாதவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைய இருந்த ஒரே வழி இந்த ஆட்டம்தான். அதை மூடும்போது முதலில் அடிபடுவது அவர்கள்.

லிங்கனிலேயே 2013 ஏப்ரலில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் நடந்தது உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். மூளைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த 7 வயதுப் பையனுக்கு அணியின் உடையை அணிவித்து, பந்தைக் கையில் கொடுத்து, 69 யார்டு ஓடவிட்டார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் இரண்டு பக்க வீரர்களும் ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டார்கள். 60 ஆயிரம் பேர் எழுந்து நின்றார்கள். கணக்கில் சேரும் ஆட்டத்தில் இதற்கு இடம் இருந்திருக்காது.

அலபாமாவின் எதிரியான ஆபர்ன் கல்லூரியில் அதே மாதம் 83,401 பேர் வந்தார்கள். முந்தைய சீசனில் 9 தோல்வி, அவர்கள் சேர்ந்திருக்கும் எஸ்இசி லீக்கின் எட்டு ஆட்டங்களில் எட்டிலும் தோல்வி. பிறகு எதற்கு வந்தார்கள்? ஊர் நடுவில் டூமர்ஸ் கார்னரில் இரண்டு பெரிய ஓக் மரங்கள் இருந்தன. ஜெயிக்கும் போதெல்லாம் அந்த மரங்கள் மேல் டாய்லெட் பேப்பர் உருளைகளை வீசிக் கொண்டாடுவது ஊர் வழக்கம். அலபாமா ரசிகர் ஒருவர் அவற்றுக்கு விஷம் வைத்துவிட்டார். காப்பாற்ற முடியாமல் போய், ஏப்ரல் கடைசியில் வெட்டுவதாக முடிவானது. வெட்டுவதற்கு முந்தைய சனிக்கிழமை பயிற்சி ஆட்டம். ஆட்டம் முடிந்து கூட்டம் நேராக மரத்தடிக்குப் போய் கடைசி முறையாகப் பேப்பர் வீசியது. அந்த சீசனில் ஆபர்ன் தேசிய ஃபைனல் வரை போனது என்பது உண்மை, ஆனால் அன்று வந்தவர்கள் அதை எதிர்பார்த்து வந்தவர்கள் இல்லை. அவர்கள் ஊர் மரத்துக்காக வந்தார்கள்.

கொலம்பஸ் தம்பிக்கு நான் போகச் சொல்வதும் இதனால்தான். புது ஊரில் முதல் வருஷம் லேப், வீடு, இந்தியன் கடை என்று மூன்று இடத்துக்குள் வாழ்க்கை சுருங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு வானிலையைத் தாண்டிப் பேச ஒன்றும் இருப்பதில்லை. இந்த ஊர்க்காரர்கள் வருஷம் முழுவதும் பேசுவது இந்த அணியைப் பற்றி. செப்டம்பரில் போனால் டிக்கெட் விலையும் கூச்சலும் சேர்ந்து ஒன்றும் புரியாது. ஏப்ரலில் பதற்றம் இல்லை, பக்கத்து இருக்கைத் தாத்தாவிடம் விதிகளைக் கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தருவார். யாராவது ஓ-எச் என்று கத்தினால் நீங்கள் ஐ-ஓ என்று பதில் சொல்ல வேண்டும். குரோகர் கடை வரிசையிலும் இதே வழக்கம்தான். நீலமும் மஞ்சளும் சேர்ந்த சட்டை மட்டும் வேண்டாம், அது மிச்சிகன் நிறம்.

கேள்வி: அக்கா, அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள். அவர்களையும் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஆனால் ஏப்ரல் வெயிலை நம்ப வேண்டாம், நிழலில் உட்கார்ந்தால் குளிரும். அலுமினியப் பெஞ்சில் நேராக உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் சில்லென்று ஏறும், மடித்த போர்வை ஒன்று எடுத்துப் போங்கள். பைகள் உள்ளே தெரியும்படி இருக்க வேண்டும், அம்மாவின் தோள்பையோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாத்திரைகளைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு முட்டி வலி என்றால் சி டெக் டிக்கெட் வாங்க வேண்டாம், படிகள் செங்குத்து. லேன் அவென்யூ பக்கம் காரை நிறுத்த அலையாமல் ஹை ஸ்ட்ரீட் பஸ்ஸில் போய் இறங்கி நடந்துவிடுங்கள். பாதி ஆட்டத்தில் அவர்களுக்கு அலுத்தால் கூச்சமே படாமல் எழுந்து வாருங்கள், அங்கே பலரும் அப்படித்தான் கிளம்புவார்கள்.